இன்னும் இரண்டே நிமிடம்

டாக்சிக் கதவைச் சாத்தக்கூட மறந்து ஓடிவந்த சேதுராமனை ஒரு துப்பாக்கிக் குழல் நிறுத்தியது.

"அங்கேயே நில்லுங்க சார். கையை வெளியில எடுங்க."

கையை எடுத்தான்.

மான்ஹைம் நகருக்கு வெளியே இருந்த அமெரிக்கப் பாசறையின் பின்வாசல் அது. மணல் மூட்டை, முள்கம்பி, சிவப்பும் வெள்ளையுமாகக் குறுக்குக் கட்டை. 1977 அக்டோபர். ஜெர்மனியில் எந்தத் தபால் நிலையத்துக்குப் போனாலும் தேடப்படும் தீவிரவாதிகளின் முகங்கள் சுவரிலிருந்து முறைத்துக்கொண்டிருந்த மாதம். காவலுக்கு நின்ற சிப்பாயின் சட்டையில் வெண்டல் என்று பெயர் தைத்திருந்தது. ஆறடிக்கு மேல் உயரம். வாயில் சூயிங்கம். விரல் மட்டும் விசையை விட்டு விலகவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் மைதானம். தலைக்கவசமும் தோளில் பொதிமூட்டையுமாகச் சில தடியர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். அமெரிக்கக் கால்பந்து என்று பெயர். காலுக்கும் பந்துக்கும் அதிகச் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

"உள்ளே ஆடுற நீலச் சட்டை அணியில என் மச்சான் இருக்கார். உமாபதி. உடனே பார்க்கணும்."

"எமர்ஜென்சியா?"

வாழ்க்கையிலேயே பெரிய தப்பைச் சேதுராமன் இந்த இடத்தில்தான் செய்தான்.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லை. பயப்படும்படியா எதுவும் இல்லை. என் மனைவிக்கு லேசா உடம்பு சரியில்லை. ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொன்னாப் போதும்."

அவன் மனைவி அம்பிகா அந்த நேரம் ஹைடல்பெர்க் மருத்துவமனையில் செத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். கரு, கருப்பையில் தங்காமல் குழாயில் தங்கி, குழாய் வெடித்துவிட்டது. கர்ப்பமானதே அப்போதுதான் இருவருக்கும் தெரியும். அறுவை சிகிச்சை ஆரம்பித்தாயிற்று. ரத்தம் ஏற்ற வேண்டும். அங்கேதான் சிக்கல். ஓ வகை என்றது முதல் பரிசோதனை. ஆனால் எந்த ஓ ரத்தத்தைச் சேர்த்துப் பார்த்தாலும் கட்டி கட்டியாகத் திரண்டது.

டாக்டர் பிராண்ட் என்ற நரைத்த தலை அம்மாள் வெளியே வந்து கேட்டாள்: "உங்கள் மனைவியின் பெற்றோர் உறவுக்குள் திருமணம் செய்தவர்களா?"

"ஆமாம். என் மாமியார் தன் தாய்மாமனைக் கட்டிக்கிட்டவங்க."

"அப்படியானால் என் சந்தேகம் சரி. பம்பாய் வகை. அதே வகை ரத்தம்தான் சேரும். இருபது வருஷத்தில் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். லண்டனில் உறையவைத்த பாட்டில்கள் இருக்கின்றன. நாளைக் காலை விமானத்தில் வரும். அவள் அதுவரை தாங்கமாட்டாள். கூடப் பிறந்தவர்கள் யாராவது உண்டா? எங்கே?"

உண்டு. ஒரே ஒரு தம்பி. அவனுக்கும் அதே ரத்தம். திருச்சியில் கல்லூரி ரத்ததான முகாமில் உமாபதியின் ரத்தத்தைப் பார்த்துக் குழம்பி மெட்ராஸுக்கு அனுப்பியதும், 'பம்பாய்க்காரன்' என்று நண்பர்கள் பட்டப்பெயர் வைத்ததும் குடும்பக் கதை. அக்காவுக்கும் பார்த்துவிட வேண்டும் என்று பேசினார்கள். பேச்சோடு போயிற்று.

அந்த உமாபதியும் இதே ஹைடல்பெர்க்கில்தான் பௌதிக ஆராய்ச்சி செய்கிறான். திருச்சியில் கல்லூரி அணிக்குக் கால்பந்து ஆடியவன். அவன் உதைப்பதைப் பூங்காவில் பார்த்த ஒரு ஜெர்மன் பையன், புதிதாக ஆரம்பித்த 'நெக்கார் கரடிகள்' என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் சேர்த்துவிட்டான். இன்றைக்குச் சிப்பாய்களோடு பந்தயம். பாசறைக்குள்ளே. நர்ஸ் தொலைபேசியில் முயன்றாள். சனிக்கிழமை மதியம், மணி அடித்துக்கொண்டே இருந்தது. சேதுராமன் டாக்சியில் பாய்ந்தான்.

இவ்வளவும் தெரிந்தவன் ஏன் 'ஒண்ணுமில்லை' என்றான்?

வளர்ந்த விதம் அப்படி. அவன் வீட்டில் விளக்கை அணை என்று சொல்லமாட்டார்கள், மலையேற்று என்பார்கள். அரிசி தீர்ந்தால் பானை நிறைந்திருக்கிறது என்பார்கள். போகிறவன் போறேன் என்றால் முதுகில் ஒன்று விழும். கெட்டதை வாயால் சொன்னால், வானத்தில் போகிற தேவதை 'அப்படியே ஆகட்டும்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுமாம். ஹாஸ்டலில் இருந்தபோது அவனுக்கு வந்த தந்தி, 'அப்பாவுக்கு லேசான சுகவீனம், பயம் வேண்டாம், புறப்படு' என்றது. அதைப் படித்த அறைத்தோழன் ஒரு வார்த்தை பேசாமல் அவனுடைய பெட்டியைக் கட்ட ஆரம்பித்தான். தமிழனுக்கு அவ்வளவு போதும். பயம் வேண்டாம் என்றால் குடி முழுகிவிட்டது என்று அர்த்தம்.

வெண்டல் தமிழன் இல்லை.

அவன் காவல்கூண்டுக்குள் போய்த் தொலைபேசியில் ஏதோ பேசினான். கண்ணாடிக்கு வெளியே நின்ற சேதுராமனுக்குக் கேட்கவில்லை. மைதானத்தின் ஓரத்தில் ஒருவன் போனை வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒல்லியான ஒருவன் தோளைத் தட்டினான். அவன் எழுந்து வாசல் பக்கம் பார்த்தான். உமாபதி! உற்சாகமாகக் கையை ஆட்டினான். பிறகு இரண்டு விரலைக் காட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"சொல்லியாச்சு சார். முடிஞ்சதும் நேரா இங்கே வருவான். இன்னும் இரண்டே நிமிஷம்." வெண்டல் தலைக்கு மேல் விளக்கால் எண்கள் எரிந்த பலகையைக் காட்டினான். சிப்பாய்கள் 14, கரடிகள் 12. அதன் கீழே 2:00.

இரண்டு நிமிடம். சேதுராமன் மூச்சை விட்டான். டாக்சி நிற்கிறது. சமாளித்துவிடலாம். இரண்டே நிமிடம்தானே?

கரடிகள் பந்தை எறிந்தார்கள். ஓடிய ஆள் பிடிக்கவில்லை. பந்து தரையில் விழுந்தது. கடிகாரம் நின்றது.

"ஏன் நின்னுடுச்சு?"

"எறிஞ்ச பந்தைப் பிடிக்கலைன்னா கடிகாரம் நிற்கும் சார். அடுத்த தடவை பந்தை எடுத்தாத்தான் ஓடும்."

மறுபடி எறிந்தார்கள். இந்தத் தடவை பிடித்தான். பிடித்தவன் முன்னே போகாமல் கோட்டுக்கு வெளியே போய் நின்றான். கடிகாரமும் நின்றது.

"இப்ப ஏன்?"

"வெளியே போயிட்டானே. வேணும்னேதான் போனான். நேரத்தை மிச்சம் பிடிக்கிறான், புத்திசாலி!" வெண்டல் குஷியாகிவிட்டான். ஆட்டத்தைப் பற்றிக் கேட்க ஒரு ஆள் கிடைத்ததில் துப்பாக்கி தோளுக்குப் போய்விட்டது. "இதுல இரண்டு நிமிஷம்ங்கிறது உங்க கைக்கடிகாரத்து இரண்டு நிமிஷம் இல்லை. எங்க அம்மா வான்கோழியை அடுப்பில வச்சுட்டுக் கேட்பாங்க, ஆட்டம் முடிய இன்னும் எவ்வளவுடான்னு. இரண்டு நிமிஷம்னு சொன்னா, வான்கோழி வெந்துடும்!"

அவன் சிரித்தான்.

அடுத்து இரண்டு பேர் ஒரு சங்கிலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடிவந்தார்கள். தரையில் நீட்டி இழுத்துப் பிடித்தார்கள். நடுவர் குனிந்து பார்த்தார். இரண்டு பக்கத்துத் தலைவர்களும் மண்டியிட்டுப் பார்த்தார்கள்.

"என்ன செய்யறாங்க?"

"அளக்கிறாங்க. நாலு வாய்ப்புல பத்து கெஜம் போகணும். போயிருக்கானான்னு பார்க்கணும் இல்லையா?"

பங்காளிச் சண்டையில் வயலை அளக்கிற சர்வேயர்கூட இவ்வளவு சாவதானமாக அளக்கமாட்டான். கடிகாரம் அசையவில்லை. அங்கே அம்பிகாவின் ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது.

"மிஸ்டர் வெண்டல்! என் மச்சான் பெஞ்சில சும்மாதானே உட்கார்ந்திருக்கார்? ஆடவே இல்லையே! அனுப்பிவைக்கச் சொல்லுங்க!"

"சும்மாவா? அவன் கிக்கர் சார். கம்பத்துக்கு நடுவில பந்தை உதைக்கிறதுக்குன்னே வச்சிருக்கிற ஆள். நாள் பூரா உட்கார்ந்திருப்பான். கடைசியில ஒரு உதை. அதுல மூணு பாயிண்ட். பதினைஞ்சு பதினாலுன்னு ஜெயிச்சிடுவாங்க. இன்னைக்கு அந்த டீமே உங்க மச்சான் காலை நம்பித்தான் உட்கார்ந்திருக்கு. அவனை எப்படி விடுவாங்க?"

சொல்லிவிட வேண்டியதுதான். இங்கிலீஷில் சொன்னால் தேவதைக்குப் புரியாது என்ற நப்பாசையில் சேதுராமன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

"என் மனைவி செத்துக்கிட்டிருக்கா. அவளுக்கு அவன் ரத்தம் வேணும். உலகத்திலேயே அபூர்வமான வகை. இங்கே அவன் ஒருத்தன்கிட்டதான் இருக்கு."

வெண்டலின் தாடை மெல்லுவதை நிறுத்தியது.

"கொஞ்சம் முன்னாடி லேசா உடம்பு சரியில்லைன்னீங்களே?"

"அது... அது நாங்க பேசுற முறை."

"எமர்ஜென்சியான்னு வாய்விட்டுக் கேட்டேன். இல்லைன்னீங்க."

"இல்லைன்னு சொன்னேன். ஆனா ஆமா."

துப்பாக்கி தோளிலிருந்து இறங்கியது. வெண்டல் கூண்டுப் பக்கம் திரும்பி, "சார்ஜென்ட்!" என்று குரல் கொடுத்தான்.

சார்ஜென்ட் ஹாலிஸ் குட்டையான ஆள். சிரித்தே பழக்கமில்லாத முகம். சேதுராமனின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு அவன் விரல்களைப் பார்த்தார்.

"கையில என்ன மஞ்சள் கறை?"

"நைட்ரிக் அமிலம். லேப்ல வேலை செய்யறேன். ரசாயன ஆராய்ச்சி."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். குண்டுக்குப் பயந்து வாசலில் மணல்மூட்டை அடுக்கியிருக்கும் இடத்தில் நின்றுகொண்டு, என் கையில் நைட்ரிக் அமிலம் என்கிறானே!

"அப்படியா? ரசாயனம்." ஹாலிஸ் நிதானமாக ஒரு அடி பின்னால் வைத்தார். "கதையை ஒரு தடவை மாத்திட்டீங்க. விளையாட்டு நடக்கிற இடத்திலிருந்து ஒரு ஆளை வாசலுக்கு வரவழைக்கணும்கிறீங்க. சட்டையைக் கழட்டுங்க."

"சார், மருத்துவமனைக்கு போன் பண்ணிக் கேளுங்க! டாக்டர் பிராண்ட்!"

சட்டையைக் கழற்றினான். சட்டைப்பையில் பேனாவும் பர்சும். குளிர்காற்று முதுகில் கத்தி போட்டது. ஹாலிஸ் நிஜமாகவே போன் செய்தார். கண்ணாடி வழியாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே வந்தார்.

"நோயாளியைப் பற்றி போனில் தகவல் தரமாட்டோம்னு ஒரு பொம்பளை சொல்றா. டாக்டர் ஆபரேஷன்ல இருக்காங்களாம்."

"அதான் சார்! அந்த ஆபரேஷன்தான்!"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஆட்டம் முடியட்டும். உங்க மச்சான் வந்து உங்களை அடையாளம் காட்டட்டும். அதுவரை இந்த வேலியோரம் உட்காருங்க. அசைஞ்சா எனக்குப் பிடிக்காது."

வேலியோரம், கம்பத்துக்கு நேர் பின்னால் உட்கார்ந்தான். கம்பி வலைக்கு அப்பால் மைதானம் முழுக்க விரிந்தது. தொலைவில் உமாபதியின் முதுகு. எண் மூன்று. எத்தனை தடவை "மச்சான்!" என்று கத்தினாலும் சிப்பாய்களின் குடும்பங்கள் அடித்த மேளத்தில் கரைந்துபோனது. ஒவ்வொரு கத்தலுக்கும் ஹாலிஸின் பூட்ஸ் ஒரு அடி நெருங்கியது.

மைதானத்தில் திடீரென்று கூச்சல். கரடிகளின் நாலாவது வாய்ப்பும் வீணாகிவிட்டது. பந்து சிப்பாய்களுக்குப் போயிற்று. வெண்டல் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"நல்ல சேதி சார். இனி எங்க ஆளுங்க பந்தைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்துடுவாங்க. கடிகாரம் தானா ஓடிப்போகும்."

கடிகாரம் ஓட ஆரம்பித்தது. சேதுராமன் கம்பி வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டான். ஓடு. ஓடு. அவன் ஜென்மத்தில் எந்த அணியும் தோற்க வேண்டும் என்று இப்படி வேண்டிக்கொண்டதில்லை. அதுவும் மச்சான் ஆடுகிற அணி.

விசில்.

"டைம் அவுட்," வெண்டல் முணுமுணுத்தான். "கடிகாரத்தை நிறுத்தச் சொல்லிக் கரடிகள் கேட்கிறாங்க. பாதி ஆட்டத்துக்கு மூணு தடவை கேட்கலாம். ஒண்ணுகூடச் செலவழிக்கலை பாவிங்க."

மறுபடி விசில். மறுபடியும். மூன்று தடவையும் தண்ணீர் குடித்தார்கள், கூடிப் பேசினார்கள், ஒருவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். சேதுராமன் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். அதில் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடைவேளை விடுவார்கள். ஆனால் ஒழுங்காக ஆறு பந்து போட்டால் ஓவர் முடிந்தது, அதைப் பிரம்மா வந்தாலும் ஏழாக்க முடியாது. இங்கே கடைசிச் சொட்டைப் பிழிந்து, பிழிந்ததை மறுபடி பிழிகிறார்கள்.

சிப்பாய்கள் வேறு வழியில்லாமல் பந்தை உயர உதைத்துத் தள்ளினார்கள். நீலச் சட்டைக்காரன் ஒருவன் கையைத் தூக்கி ஆட்டிவிட்டுப் பிடித்தான். கை ஆட்டியவனைத் தொடக்கூடாது என்பது சட்டம் போலும், பாய்ந்து வந்த யாரும் அவனைத் தொடவில்லை. கடிகாரம் 0:04-இல் நின்றது.

"மோசமான உதை," என்றான் வெண்டல். "பாதி மைதானம்கூடத் தாண்டலை. சார், உங்க மச்சான் வர்றான்!"

உமாபதி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஓடிவந்தான். உதைக்க வேண்டிய கம்பம், சேதுராமன் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கம்பம். அவனைப் பார்த்தே நின்றான். ஆனால் நடுவில் இருபது தடியர்கள். அவன் கண் பந்து வைக்கும் புல்லில் இருந்தது. மேளம் காதைப் பிளந்தது.

நாலு வினாடி. ஒரே உதை. ஜெயித்தாலும் தோற்றாலும் முடிந்துவிடும்.

பந்து வந்தது. ஒருவன் பிடித்து நிறுத்தினான். உமாபதி பக்கவாட்டில் ஓடி உதைத்தான். பந்து எழும்பியது, வளைந்தது, கம்பத்துக்கு வெளியே போய்ச் சேதுராமனுக்குப் பத்தடி தள்ளி வேலியில் மோதியது.

பலகையில் 0:00.

"முடிஞ்சுது!" சேதுராமன் துள்ளி எழுந்தான். "முடிஞ்சுதுதானே? கூப்பிடுங்க!"

வெண்டல் மைதானத்தைக் காட்டினான். தப்பு நடந்ததற்கு அடையாளமாக நடுவர் எறிந்த மஞ்சள் துணி புல்லில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் உமாபதி கிடந்தான்.

"உதைச்சு முடிச்ச கிக்கர் மேல மோதிட்டான் எங்க ஆள்," வெண்டலின் குரல் இறங்கியது. "பெரிய தப்பு. தண்டனை உண்டு. பதினைஞ்சு கெஜம் முன்னால வச்சு மறுபடி உதைக்கலாம்."

"கடிகாரம் பூஜ்யம் காட்டுதே!"

"காட்டும். ஆனா தடுக்கிறவன் செஞ்ச தப்போட ஆட்டத்தை முடிக்கக்கூடாது சார். எல்லாரும் பூஜ்யம்னா முடிஞ்சதுன்னு நினைப்பாங்க. இன்னும் ஒரு உதை பாக்கி. அதுக்கு நேரமே கிடையாது."

சேதுராமன் காதில் எதுவும் விழவில்லை. உமாபதியின் கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். முகம் சிவப்பு. மூக்கிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. ஜெர்மன் புல்லில், யாருக்கும் உதவாமல், லண்டனிலிருந்து விமானம் ஏறி வர வேண்டிய அந்த ரத்தம்.

"ஐயோ, அது அவளோடது!" என்று அலறினான்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தான். தன் குரல் தனக்கே கேட்டது.

மேளம் நின்றிருந்தது. அடிபட்டவன் எழும்வரை சத்தம் போடக்கூடாது என்பது அந்த ஊர் மரியாதை. இரண்டு அணிக்காரர்களும் ஒரு முழங்காலை ஊன்றி அமைதியாக இருந்தார்கள். மைதானம் முழுக்கக் கோவில் நடை சாத்தியதுபோல் நிசப்தம்.

இதை விட்டால் கிடையாது. சேதுராமன் வேலியில் ஏறினான். ஹாலிஸ் இடுப்பைப் பிடித்து இழுத்தார். கம்பியை விடாமல் தொங்கிக்கொண்டு வாயைத் திறந்தான். அக்கா சாகப்போறா என்று கத்த வேண்டும். இரண்டே சொல். தமிழில். நெஞ்சில் இருந்தது, தொண்டைக்கு வந்தது, நாக்கில் நின்றுவிட்டது. அம்பிகாவைப் பற்றி, தமிழில், அந்தச் சொல்லா? அவன் வாயால்?

வந்தது இதுதான்:

"உமா! அக்காவுக்கு லேசா உடம்பு சரியில்லைடா! ஒண்ணும் பயப்படாதே!"

உமாபதி தலையைத் தூக்கினான்.

மூக்கில் வைத்திருந்த துணி கீழே விழுந்தது. ஒரு நொடி வேலியைப் பார்த்தான். சட்டையில்லாமல் கம்பியில் தொங்கும் அத்தான், அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் சார்ஜென்ட். அடுத்த நொடி எழுந்து ஓட ஆரம்பித்தான். பயிற்சியாளர் கையை நீட்டி, "எங்கேடா போறே? உதை பாக்கி இருக்கு!" என்று ஜெர்மனில் கூவியது அவன் காதில் விழவே இல்லை. கம்பத்துக்கு நடுவில் புகுந்து, கோட்டைத் தாண்டி, வேலியில் வந்து மோதி நின்றான்.

"அத்தான்! எவ்வளவு ரத்தம் போயிருக்கு?"

என்ன வியாதி, எப்போது என்று எதுவும் கேட்கவில்லை. அத்தான் தன்னைத் தேடி இப்படி ஓடிவரத் தன் ரத்தம் ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும் என்று அந்தப் பம்பாய்க்காரனுக்குத் தெரியும்.

"நிறைய. உன்னோட வகைதான்டா அவளுக்கும்."

ஹாலிஸின் பிடி தளர்ந்தது. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பாஷை புரியாவிட்டாலும் ஓடிவந்த கால் புரிந்திருக்க வேண்டும். சேதுராமனின் சட்டையை அவர் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

"வெண்டல்! டாக்சி வேண்டாம், ஜீப்பை எடு. வழியில எவன் நிறுத்தினாலும் என் பேரைச் சொல்லு."

சாலையில் இரண்டு இடத்தில் போலீஸ் தடுப்பு. ராணுவ ஜீப்பைக் கண்டதும் வழி விட்டார்கள். உமாபதி முகத்தை வானத்துக்குத் தூக்கி மூக்கை அழுத்திப் பிடித்திருந்தான்.

"ஏன்டா, போன்ல சேதி வந்ததே, அப்பவே வரக்கூடாதா?"

"என்ன அத்தான் சேதி வந்தது? உங்க மச்சான் வாசல்ல வந்திருக்கார், அவசரம் இல்லை, முடிச்சுட்டு வான்னாங்க. ஆட்டம் பார்க்க வந்திருக்கீங்கன்னு நினைச்சேன். அக்கான்னு ஒரு வார்த்தை வரலையே!"

ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்த வெண்டல் கண்ணாடியில் பார்த்தான். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்திருக்கும். மருத்துவமனை வாசல்வரை அவன் வேகத்தைக் குறைக்கவில்லை.

டாக்டர் பிராண்ட் உமாபதியின் முகத்தைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினாள்.

"இவரே ரத்தம் இழந்திருக்கிறார். ஒரு பாட்டில்தான் எடுக்க முடியும்."

"மூக்கில போனது கணக்கில சேராது டாக்டர். இரண்டு எடுங்க."

"மயக்கம் போடுவீர்கள்."

"படுக்க வச்சுத்தானே எடுப்பீங்க? மயங்கினா விழறதுக்கு இடம் ஏது?"

கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு. பெஞ்சில் சேதுராமன். பக்கத்தில், போகச் சொல்லியும் போகாமல், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வெண்டல். ஒரு நர்ஸ் வேகமாக வெளியே வந்தாள். சேதுராமன் எழுந்ததைப் பார்த்து நின்றாள்.

"ரத்த அழுத்தம் கருவியில் பதிவாகவில்லை. ஏற்றிக்கொண்டிருக்கிறோம்."

போய்விட்டாள். வெண்டல் சேதுராமனின் கையைப் பிடித்து உட்கார வைத்தான். பிறகு வெண்டல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"பூஜ்யம்னா முடிஞ்சதுன்னு இல்லை சார்."

ஆறுதலா, ஆட்டத்தின் சட்டமா என்று சேதுராமன் கேட்கவில்லை. மஞ்சள் கறை படிந்த விரல்களால் முகத்தை மூடிக்கொண்டான். திருச்சியில் தெரிந்த தெய்வங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டான். முடிந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

ஜன்னலில் வெயில் மங்கும் நேரத்துக்குக் கதவு திறந்தது. டாக்டர் பிராண்ட் முகமூடியைக் கழற்றினாள்.

"இரண்டாவது பாட்டில் பாதி இறங்கியபோது நாடி கைக்குக் கிடைத்தது. காலை விமானம்வரை தாங்குவாள். குழந்தை பிறக்கவும் இன்னொரு குழாய் இருக்கிறது. தம்பி மயக்கம் போட்டார். நான் சொன்னேன், கேட்கவில்லை."

சேதுராமன் அழுதான். வெண்டல் எழுந்து போய் வரவேற்பறைத் தொலைபேசியில் பாசறையைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு வந்தான். அதற்குள் உமாபதி மூக்கில் பிளாஸ்திரியோடு சுவரைப் பிடித்து நடந்து வந்திருந்தான்.

"உன் டீம் உன்னை விட்டுட்டே அந்தக் கடைசி உதையை உதைச்சுது," என்றான் வெண்டல். "பத்து பேரோட."

"பத்து பேரா? அது தப்பில்லையா?" என்று சேதுராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"பதினொண்ணுக்கு மேலதான் போகக்கூடாது சார். குறைஞ்சா தப்பில்லை. பந்தை நிறுத்திப் பிடிக்கிற பையனே எழுந்து உதைச்சிருக்கான். பேக்கரியில வேலை செய்யறவனாம். கம்பத்தில பட்டு வெளியே போயிடுச்சு."

"பன்னு சுடத்தான் லாயக்கு," என்றான் உமாபதி. சிரித்ததில் மூக்கு வலித்து, "அம்மா!" என்று முனகினான்.

அம்மா என்றதும்தான் நினைவு வந்தது. மதியமே சேதுராமன் திருச்சிக்கு டிரங்க்கால் பதிவு செய்திருந்தான். மாமியார் நாகலட்சுமியின் பக்கத்து வீட்டு எண்ணுக்கு. அங்கே ஊர் அடங்கிய நேரம். லைன் கிடைத்துவிட்டது என்று வரவேற்பறைப் பெண் கூப்பிட்டாள். கடல் இரைச்சலுக்கு நடுவே மாமியாரின் குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல் வந்தது.

"யாரு? மாப்ளையா? இந்நேரத்துக்கு என்ன?"

"அத்தை, ஒண்ணும் பயப்பட வேணாம். அம்பிகாவுக்கு லேசா..."

அந்தப் பக்கம் ஒரு அலறல். பிறகு தூரத்தில் பாத்திரமோ விளக்கோ விழும் சத்தம், பக்கத்து வீட்டார் ஓடிவரும் சத்தம். "போயிட்டாளா? என் பொண்ணு போயிட்டாளா? எப்ப மாப்ளே? எப்ப?"

சேதுராமன் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தான். எதிரே உமாபதி, அவன் பக்கத்தில் தொப்பியும் கையுமாக வெண்டல். இனி ஒரு தடவை இந்தத் தப்பு கூடாது. வானத்தில் எந்தத் தேவதை போனாலும் போகட்டும்.

"அத்தை, நேராச் சொல்றேன், கேளுங்க. அம்பிகா சாகக் கிடந்தா. நாடி விழுந்துடுச்சு. செத்துடுவான்னுதான் நினைச்சேன். உமா ரத்தம் கொடுத்தான். இப்ப பொழச்சுட்டா. உசிரோட இருக்கா. சாகலை."

இரைச்சல். இரைச்சலுக்கு நடுவே நீண்ட மூச்சு. பிறகு ஏழு கடல் தாண்டி மாமியாரின் அதட்டல் வந்தது.

"என்ன பேச்சு இது மாப்ளே? படிச்சவரு பேசுற பேச்சா? சாகுறது, செத்ததுன்னு, கட்டினவளைப் பத்தி! முதல்ல போயி வாயைக் கழுவுங்க!"

சேதுராமன் ரிசீவரை உமாபதியிடம் கொடுத்தான். நடைபாதைக் கோடியிலிருந்த குழாயைத் திறந்து, மூன்று தடவை வாயைக் கொப்பளித்துத் துப்பினான்.